நீலமா இருந்தா சேஃபா? கொடைக்கானல் இறக்கத்தில் ஒரு காம்போசிட் பிரேக் டிஸ்க்

மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட்ல ப்ராஜெக்ட் ரிவ்யூ நடக்கிற அன்னைக்கு செமினார் ஹால் பக்கம் எட்டிப் பாருங்க. எப்படியும் ஒரு டீம் டிஸ்க் பிரேக்கை வச்சுக்கிட்டு நிக்கும். ஸ்லைடில் வானவில் பூசின மாதிரி ஒரு வட்டு. வார்ப்பிரும்புக்கு ஒரு படம், அலுமினியம்–சிலிக்கான் கார்பைடு காம்போசிட்டுக்கு இன்னொரு படம். "சார், காம்போசிட்ல எடை கம்மி, பெரும்பகுதி நீலமா இருக்கு, ஆகவே டிசைன் சேஃப்." எக்ஸ்டர்னல் தலையாட்டுவார், டீ வரும், முடிஞ்சது.

அந்தப் படத்தில் என்ன இல்லை என்பதுதான் இந்தக் கட்டுரை. வட்டு எத்தனை இறக்கம் தாங்கும், முதல் விரிசல் எங்கே விழும், சூடு ஏறினால் அது எவ்வளவு சீக்கிரம் வரும்? இதில் எதுக்கும் அந்தப் படம் பதில் சொல்லாது. சாஃப்ட்வேர் மேல தப்பு இல்லை. நாம் அதுக்குக் கொடுத்தது யங்ஸ் மாடுலஸ், பாய்சான் விகிதம், அடர்த்தி, வெப்பக் கடத்துத்திறன், விரிவுக் குணகம். இவ்வளவு மட்டும் தெரிஞ்ச பொருளுக்கு உடையவே தெரியாது. பத்தாயிரம் மெகாபாஸ்கல் போட்டாலும் சிரிச்சுக்கிட்டே நிக்கும், நிறம் மட்டும் மாறும்.

திண்டுக்கல்காரங்க லோடு கேஸ் தேடி எங்கேயும் போக வேண்டாம். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறினா சுமார் 1,800 மீட்டர் உயரம். திரும்பி இறங்கும்போது அந்த உயரம் முழுக்க எங்கேயாவது போயாகணும் இல்லையா? நாலு பேரோட ஒரு கார் 1,300 கிலோன்னு வைங்க. 1,300 × 9.8 × 1,800 போட்டா சுமார் 2.3 கோடி ஜூல். கிட்டத்தட்ட 78 லிட்டர் தண்ணியை 30 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்கிற வெப்பம் இது. காற்று கொஞ்சம் வாங்கிக்கும், டயர் கொஞ்சம், இன்ஜின் கொஞ்சம். மிச்சம் பிரேக் தலையில. "எந்த கியர்ல ஏறுனியோ அதே கியர்ல இறங்கு"ன்னு பழைய டிரைவர் அண்ணன்மார் சொல்றது இந்தக் கணக்கைத்தான், ஜூல் இல்லாம.

இப்போ ஒரே ஒரு கொண்டை ஊசி வளைவு. 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 20க்குக் குறைக்கிறோம். இழக்கிற இயக்க ஆற்றல் சுமார் 105 கிலோஜூல். முன் சக்கரங்கள் 70 சதவீதம் எடுத்துக்கும்னா ஒரு முன் டிஸ்க்குக்கு 37 கிலோஜூல். டிஸ்க் 5 கிலோ வார்ப்பிரும்பு என்றால் சராசரியா 15 டிகிரி ஏறும். அதே அளவில் அலுமினிய காம்போசிட்டில் செஞ்சா எடை 2 கிலோவுக்குக் கீழே வந்துடும், ஆனா 22 டிகிரி ஏறும்! எடை குறைஞ்சதுக்கு இது விலை. அலுமினியம் ஒரு கிலோவுக்கு அதிக வெப்பம் வாங்கும்தான். ஒரே அளவுள்ள வட்டில் அந்தக் கிலோக்களே இல்லையே. இன்னொரு பக்கம், காம்போசிட் வெப்பத்தை வார்ப்பிரும்பை விட மூணு மடங்கு வேகமா கடத்தும். அதனால் பேடு உரசுற மேற்பரப்பில் மட்டும் சூடு குவியாம உள்ளே பரவிடும். நல்லதும் கெட்டதும் சேர்ந்தே வருது.

ஆனா ஒரு கோடு இருக்கு, அதைத் தாண்ட முடியாது. இந்த வகை அலுமினிய–சிலிக்கான் கலவை சுமார் 555 °செ-ல் உருக ஆரம்பிக்கும். அதுக்கு 100 டிகிரி முன்னாடியே வலுவெல்லாம் போயிடும். வார்ப்பிரும்பு டிஸ்க் அந்தச் சூட்டை அலட்டிக்காம கடந்து போகும். 1996-ல் வந்த லோட்டஸ் எலீஸ் காரின் ஆரம்ப மாடல்களில் அலுமினியம்–சிலிக்கான் கார்பைடு டிஸ்க் நிஜமாவே போட்டாங்க. அந்தக் காரோட எடை சுமார் 725 கிலோ என்பதைக் கவனிங்க. பிறகு அதுவும் வார்ப்பிரும்புக்கே மாறிச்சு. டொயோட்டா 1983-லேயே டீசல் பிஸ்டனில் வளையம் உட்காரும் பள்ளத்தை மட்டும் செராமிக் இழையால் வலுப்படுத்தி விற்பனைக்குக் கொண்டுவந்தது. முழு பிஸ்டனும் இல்லை, தேய்கிற இடம் மட்டும். விவரமான ஆட்கள்.

நம்ம பக்கத்துக் கதையும் இதில் உண்டு. உருகின அலுமினியத்தைக் கலக்கிக்கிட்டே செராமிக் துகளைக் கொட்டி, அப்படியே அச்சில் ஊத்துற ஸ்டிர் காஸ்டிங் முறை நம்ம ஊர் கல்லூரிகளில் இவ்வளவு பரவலா இருக்குன்னா, அதன் வேர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இருக்கு. அங்கே சுரப்பாவும் பிரதீப் ரோகத்கியும் செஞ்ச வேலை 1981-ல் ஆய்வுக் கட்டுரையா வந்தது. இன்னைக்கு வரைக்கும் இந்தத் துறையில் எல்லாரும் அதைக் காட்டுறாங்க. உலை ஒண்ணு, கலக்கி ஒண்ணு, கொஞ்சம் மெக்னீசியம் இருந்தா போதும். அதனாலதான் வருஷா வருஷம் நம்ம சீனியர்கள் வார்த்து, ஹார்ட்னஸ் பார்த்து, டென்சைல் இழுத்து ரிப்போர்ட் பைண்டிங் போடுறாங்க. எல்லாம் அறை வெப்பநிலையில. டிஸ்க் வேலை செய்யறது 300 டிகிரியில.

கடலை மிட்டாய் உடைப்போம்

உள்ளே என்ன நடக்குதுன்னு பார்க்க எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் வேண்டாம், ஒரு கடலை மிட்டாய் போதும். வெல்லப்பாகு மேட்ரிக்ஸ், கடலை துகள். மிட்டாயை உடைச்சு உடைஞ்ச முகத்தைப் பாருங்க. சில கடலை நடுவில் பிளந்து வெள்ளையா தெரியும். சில இடத்தில் கடலை முழுசா கழண்டு வந்து, பாகில் வழவழன்னு ஒரு பள்ளம் மட்டும் நிக்கும். மூணாவதா, மிட்டாயை ஒரு மணி நேரம் வெயிலில் வச்சுட்டு இழுங்க: கடலை உடையாது, கழலாது, பாகு மட்டும் நீண்டு நூலாகி அறும்.

காம்போசிட்டிலும் சேதம் இந்த மூணு வழியில்தான் வரும். துகள் பிளப்பது, ஒட்டு விடுவது, மேட்ரிக்ஸில் குழிகள் வளர்ந்து சேர்வது. எது முந்தும் என்பது துகளின் அளவு, ஒட்டின் தரம், வெப்பநிலை மூணையும் பொறுத்தது. குளிரில் முதல் ரகம், சூட்டில் கடைசி ரகம் என்பது பொதுவான போக்கு.

துகள் பிளப்புக்கு வைபுல் புள்ளியியல். செராமிக் உடைவது அதுக்குள்ளே ஏற்கனவே இருக்கிற குறையால். பெரிய துகளில் குறை இருக்க வாய்ப்பு அதிகம், ஏன்னா கொள்ளளவு அதிகம். ஒரு சின்னத் துகள் குறிப்பிட்ட ஸ்ட்ரெஸில் உடைய வாய்ப்பு 5 சதவீதம்னு வைங்க. விட்டத்தை இரட்டிப்பாக்கினா கொள்ளளவு 8 மடங்கு. தப்பிக்கிற வாய்ப்பு 0.95-ஐ எட்டு தடவை பெருக்கினது, அதாவது 0.66. உடையற வாய்ப்பு 34 சதவீதம். துகள் அளவு என்ற ஒரே எண்ணை மாத்தினதுக்கு இது. "கடையில கிடைச்ச பவுடர்"னு ரிப்போர்ட்ல ஒரு வரியில் தாண்டிப் போறோமே, அந்த எண்.

ஒட்டு விடுவதுக்கு கோஹெசிவ் மாடல். துகளுக்கும் மேட்ரிக்ஸுக்கும் நடுவே ஒரு கற்பனை ரப்பர் பட்டை வைக்கிறோம். இழுத்தா விசை ஏறும், ஒரு உச்சம் தொடும், அப்புறம் தளர்ந்து பூஜ்யமாகும். உச்சம் ஒரு எண், வளைகோட்டின் கீழே உள்ள பரப்பு இன்னொரு எண். பரப்புதான் ஒட்டைப் பிரிக்கத் தேவைப்படுற ஆற்றல். இந்த ரெண்டு எண்ணுக்கும் வேதியியல் பின்னணி உண்டு. உருகின அலுமினியத்தில் சிலிக்கான் கம்மியா இருந்தா அது சிலிக்கான் கார்பைடைத் தின்னு அலுமினியம் கார்பைடு உண்டாக்கும். அது நொறுங்குற பொருள், ஈரம் பட்டா சிதையவும் செய்யும். அதனாலதான் 7, 9 சதவீதம் சிலிக்கான் உள்ள வார்ப்புக் கலவைகளை மேட்ரிக்ஸா எடுக்கிறாங்க. 6061-ஐ உருக்கி ரொம்ப நேரம் கலக்குற டீம் இந்தப் பத்தியை இன்னொரு தடவை படிக்கலாம்.

குழி வளர்ச்சிக்கு 1977-ல் கர்சன் எழுதின மாடலும், 1984-ல் ட்வெர்கார்டும் நீடில்மனும் அதில் செஞ்ச திருத்தமும். பெரும்பாலான மென்பொருளில் இது தயாரா இருக்கும். இங்கே விரிக்கல.

லோடு போடுறதுக்கு முன்னாடியே

இந்தப் பகுதிதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. அலுமினியம் ஒரு டிகிரிக்கு பத்து லட்சத்தில் 23 பங்கு விரியும். சிலிக்கான் கார்பைடு சுமார் 4.5 பங்குதான். வார்ப்பு உறைஞ்சு 500 டிகிரி குளிரும்போது ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் 18.5 × 500. அதாவது 0.9 சதவீதம் திரிபு. (திரிபு என்றால் ஸ்ட்ரெயின், தகைவு என்றால் ஸ்ட்ரெஸ். தமிழ் மீடியத்தில் படிச்ச என் ரூம்மேட் சொல்லித்தான் எனக்கே தெரியும்.) அலுமினியக் கலவை ஈல்டு ஆகத் தேவையான திரிபு சுமார் 0.3 சதவீதம். ஆக, யாரும் தொடாமலே, மேஜை மேல சும்மா கிடக்கிற டிஸ்க்கில் ஒவ்வொரு துகளையும் சுத்தி மேட்ரிக்ஸ் ஏற்கனவே ஈல்டு ஆகிக் கிடக்கு. நீலப் படத்தின் தொடக்கப் புள்ளி "ஸ்ட்ரெஸ் பூஜ்யம்". நிஜத்தின் தொடக்கப் புள்ளி அது இல்லை.

இதில் ஒரு நன்மையும் ஒளிஞ்சிருக்கு. மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுறதைப் பார்த்திருக்கீங்களா? பழுக்கக் காய்ச்சி மாட்டி, தண்ணி ஊத்துவாங்க. பட்டை சுருங்கி மரத்தை இறுக்கிப் பிடிச்சுக்கும். குளிர்ந்த அலுமினியமும் துகளை அப்படித்தான் நெருக்கிப் பிடிக்குது. ஒட்டு சுமாரா இருந்தாலும் இந்தப் பிடி காப்பாத்தும். இப்போ பட்டையைத் திரும்பச் சூடாக்கினா? பிடி தளரும். கொடைக்கானல் இறக்கத்தில் டிஸ்க் 300 டிகிரி தொடும்போது மேட்ரிக்ஸ் இளகுது, அதே நேரம் துகள் மேல இருந்த பிடியும் விடுது. அறை வெப்பநிலை டென்சைல் டெஸ்டில் ஜெயிச்ச காம்போசிட், சூட்டில் ஒட்டு விட்டுத் தோற்கிறது இப்படித்தான். ஒவ்வொரு வளைவிலும் சூடு, அடுத்த நேர் ரோட்டில் குளிர்ச்சி, மறுபடி சூடு. ஒவ்வொரு சுற்றுக்கும் துகளின் கூர்முனைகளில் கொஞ்சம் பிளாஸ்டிக் திரிபு சேர்ந்துகிட்டே போகும்.

'சே' என்ற ஒரு எண்

டிஸ்க்கில் கோடிக்கணக்கான துகள். எல்லாத்தையும் வரைய முடியாது. அதனால் ஒரு எண் வைப்போம்: சேதம், சுருக்கமா 'சே'. புதுப்பொருளில் பூஜ்யம், அறுந்தால் 1. இந்த யோசனை 1958-ல் சோவியத் நாட்டில் கச்சனோவ் கொடுத்தது. அவர் "எவ்வளவு மிச்சம்" என்று எழுதினார். பின்னாடி வந்த ரபோட்னோவ் "எவ்வளவு போச்சு" என்று திருப்பி எழுதினார். கயிற்றில் பத்து இழையில் ரெண்டு அறுந்தா மிச்ச எட்டு இழை முழுச் சுமையையும் தாங்கணும் இல்லையா, அதே கணக்கு:

மிச்சப் பொருள் தாங்கும் ஸ்ட்ரெஸ் = கொடுத்த ஸ்ட்ரெஸ் ÷ (1 − சே)

இதில் பயமே சேதம் சேதத்தை வளர்ப்பதுதான். நீண்ட நேரச் சூட்டில், அதாவது க்ரீப்பில், 'சே' வளரும் வேகம் இந்த மிச்ச ஸ்ட்ரெஸின் ஒரு அடுக்கு. அடுக்கு 5 என்று எடுத்து தொகையீடு போட்டா (முதல் வருஷ மேத்ஸ்தான், பயப்படாதீங்க) கிடைக்கிறது:

கழிந்த ஆயுள் = 1 − (1 − சே) இன் ஆறாம் அடுக்கு

எண் போட்டுப் பாருங்க. சே 0.1 ஆகும்போது ஆயுளில் 47 சதவீதம் போயாச்சு. 0.2 ஆகும்போது 74 சதவீதம். 0.5 ஆகும்போது 98 சதவீதம். பத்தில் ஒரு பங்கு சேதம்னு நாம அலட்சியமா பார்க்கிற டிஸ்க், ஆயுளில் பாதியைத் தின்னு முடிச்சிருக்கு. கண்ணுக்குத் தெரியற அளவு சேதம் வரும்போது மிச்சம் கொஞ்ச நேரம்தான். சர்வீஸ்ல "டிஸ்க் நல்லாத்தானே இருக்கு"ன்னு சொல்றது வார்ப்பிரும்பில் ஓரளவு சரி. காம்போசிட்டில் அந்த வார்த்தையை நம்பி குடும்பத்தை ஏத்திக்கிட்டு இறங்க நான் தயங்குவேன். ஸ்ட்ரெஸ் 20 சதவீதம் கூடினா? 1.2-இன் ஐந்தாம் அடுக்கு 2.5. ஆயுள் பாதிக்கும் கீழே.

இதை சிமுலேஷனில் எப்படி ஓட்டுறது? முதல்ல வெப்பம்: ஒவ்வொரு பிரேக்குக்கும் வெப்பம் உள்ளே, நடுவில் காற்றுக் குளிர்ச்சி. அந்த வெப்பநிலைகளை எடுத்து மெக்கானிக்கல் மாடலில் கொடுக்கணும், பொருளின் குணங்கள் வெப்பநிலையோட மாறுற மாதிரி. ஒவ்வொரு படியிலும் 'சே'யைக் கூட்டி, விறைப்பை (1 − சே) மடங்காகக் குறைச்சு, அடுத்த படி. ஆயிரம் இறக்கத்தை அப்படியே ஓட்டினா லேப் கம்ப்யூட்டர் அழும். சில சுற்று முழுசா ஓட்டி, வளர்ச்சி வேகத்தைப் பிடிச்சு, ஒரு ஐம்பது சுற்று தாவுவாங்க.

ரெண்டு பொறி இருக்கு. ஒண்ணு, அழுத்தத்தில் விரிசல் மூடிக்கும். சூடான மேற்பரப்பு விரியப் பார்க்கும், உள்ளே குளிர்ந்த பகுதி விடாது, அதனால் மேற்பரப்பு அழுத்தத்தில் ஈல்டு ஆகும். குளிரும்போது அதே இடம் இழுவைக்குப் போகும். விரிசல் திறப்பது அப்போதான். இழுவைக்கும் அழுத்தத்துக்கும் ஒரே 'சே' போட்டா தப்பான இடத்தில் தப்பான நேரத்தில் உடையும். ரெண்டாவது, மெஷ். கைடு எப்பவும் கேட்கிற "மெஷ் கன்வெர்ஜன்ஸ் காட்டு" இங்கே காட்டவே முடியாது. பொருள் தளர ஆரம்பிச்சதும் சேதம் முழுக்க ஒரே வரிசை எலிமென்ட்டில் குவியும். மெஷ்ஷைப் பொடியாக்கினா அந்த வரிசை மெலிசாகும், உடைக்கத் தேவையான ஆற்றலும் குறைஞ்சுகிட்டே போய் பூஜ்யத்தைத் தொடும். காகிதம் கிழிக்கிற அளவு ஆற்றலில் டிஸ்க் உடையுதுன்னு விடை வரும்! இதைத் தடுக்க மாடலுக்குள் ஒரு நீள அளவு வேணும்: பக்கத்து எலிமென்ட்களின் சேதத்தைச் சராசரி எடுக்கிறது, அல்லது எலிமென்ட் அளவுக்கு ஏத்தபடி உடைவு ஆற்றலைச் சரி செய்யறது.

விறைப்பைப் பத்தியும் ஒரு வார்த்தை. ரூல் ஆஃப் மிக்ஸ்சரில் 20 சதவீதம் சிலிக்கான் கார்பைடுக்கு 0.8 × 70 + 0.2 × 420 போட்டு 140 கிகாபாஸ்கல்னு எழுதுறோம். அது நீண்ட இழைக்கான வாய்ப்பாடு. துகள் காம்போசிட்டுக்கு அது மேல் எல்லை மட்டும்; கீழ் எல்லை 84. வார்த்த பொருளில் அளந்தா சுமார் 100-தான் வரும். 1973-ல் வந்த மோரி–தனாகா முறை அந்த எண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவிடும். 140 போட்ட டீமின் எல்லாப் படமும், நீலம் உட்பட, வேற ஒரு பொருளின் படம்.

சரி, இதுக்கெல்லாம் எண் எங்கே கிடைக்கும்? 'சே'யை நம்ம லேப்லேயே அளக்கலாம். யூடிஎம்மில் சாம்பிளை நேரா அறும்வரை இழுக்காம, கொஞ்சம் இழுத்து, இறக்கி, மறுபடி இழுங்க, எக்ஸ்டென்சோமீட்டர் மாட்டி. இறக்கும்போது வரும் கோட்டின் சரிவுதான் அப்போதைய மாடுலஸ். முதல்ல 98, பிறகு 88 என்றால் சே = 1 − 88/98, அதாவது 0.1. மேலே சொன்ன கணக்கை ஞாபகம் வச்சுக்கிட்டு இந்த எண்ணைப் பாருங்க.

அறுந்த சாம்பிளைத் தூக்கிப் போட்டுடாதீங்க. நடுப்பகுதியிலிருந்து ஒரு துண்டு வெட்டி, பாலிஷ் போட்டு, மெட்டலர்ஜி லேப் மைக்ராஸ்கோப்பில் இருநூறு துகள் எண்ணுங்க: எத்தனை பிளந்திருக்கு, எத்தனை கழண்டிருக்கு. பாலிஷ் போடும்போதே சில துகள் உடையும், பிடுங்கிட்டும் வரும். அதனால் அதே சாம்பிளில் கிரிப் பிடிச்ச தலைப்பகுதியிலிருந்தும் ஒரு துண்டு வெட்டி, அதே கையால், அதே பேப்பரில் பாலிஷ் போட்டு எண்ணுங்க. தலைப்பகுதியில் லோடு ரொம்பக் குறைவு. நடுப்பகுதி எண்ணிலிருந்து தலைப்பகுதி எண்ணைக் கழிச்சா வர்றது, லோடு உண்டாக்கின சேதம்.